நாலு பேருக்கு ஒரு வேன்

“எத்தினி பேரும்மா போவீங்க?”

போன மாதம் வில்லியனூரில், பழைய வண்டி வாங்கி விற்கும் புரோக்கர் ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை நான்.

“நாலு பேர்” என்றேன்.

யோசிக்கவே இல்லை. பல் டாக்டரிடம் ‘தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறேன்’ என்று சொல்வோமே... அந்த வேகத்தில் வந்துவிட்டது.

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும், என் வீட்டில் நாலு பேர் கிடையாது. பாகூரில் ஏரிக்குப் போகிற பக்கம் இருக்கிற அந்த வீட்டில் இருப்பது நானும் ஒரு ஃப்ரிட்ஜும்தான். ஃப்ரிட்ஜாவது அவ்வப்போது உறுமும். நான் அதுவும் கிடையாது. கணவர் போய் ஐந்து வருடம் ஆகிறது. ஒரே பையன், பிரான்ஸில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடியோ காலில் வருவான். சாப்பிட்டாயா என்று நான் கேட்பேன். மாத்திரை போட்டாயா என்று அவன் கேட்பான். போட்டேன், சாப்பிட்டேன்... முடிந்தது.

வார நாட்கள் ஒரு கஷ்டமும் இல்லை. வில்லியனூர் பக்கத்தில் ஒரு காலேஜில் நான் லைப்ரரியன். நாள் முழுக்க ‘சத்தம் போடாதீங்க’ என்று பிள்ளைகளை அதட்டுவதுதான் என் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாகூரில் இறங்கும்போது பஸ் கண்டக்டர், “போய்ட்டு வாங்க மேடம்” என்பார். அதற்கப்புறம் நேரில் என் முகத்தைப் பார்த்து ஒருவர் பேசுவது எப்போது தெரியுமா? திங்கட்கிழமை காலை. அதே கண்டக்டர். “சில்லற இருக்கா மேடம்?”

நடுவில் இரண்டு நாள். ஒரு சனிக்கிழமை, குரல் இருக்கிறதா போய்விட்டதா என்று பார்ப்பதற்காகவே பேப்பரைச் சத்தமாகப் படித்தேன். தலையங்கம் உட்பட. ஊரையெல்லாம் அமைதியாக இருக்கச் சொல்கிறவளுக்கு இப்படி ஒரு தண்டனை!

இந்த லட்சணத்தில்தான் பையன் ஒரு வீடியோ அனுப்பினான். அவன் குடியிருக்கும் தெருவில் ஒரு பெண்மணி. வயது அறுபதுக்கு மேல் இருக்கும். ஒரு பழைய வேன் வைத்திருக்கிறார். வார நாட்களில் அதில் கடைகண்ணிக்குப் போவார். சனி, ஞாயிறு வந்தால் அதே வேனில் மலை, ஆறு என்று கிளம்பிவிடுவார். உள்ளேயே படுக்கை, உள்ளேயே அடுப்பு.

“நானும் ஒண்ணு வாங்கப் போறேன்டா” என்றேன். நான்கு மாதத்துக்கு முன்னால்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கியிருந்தேன். (கற்றுக்கொடுத்தவர் பட்ட பாட்டை இதே பத்தியில் எழுதினேனே, நினைவிருக்கிறதா?) பஸ்ஸுக்குப் பதில் தினமும் அதிலேயே காலேஜ் போகலாம். வெள்ளிக்கிழமை வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே கிளம்பலாம்.

“யார்கூடம்மா போவ?”

“காலேஜ்ல ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்கடா. நாலு பேர் போவோம்.”

அங்கே ஆரம்பித்ததுதான் அந்த நாலு பேர். அதைக் கேட்டதும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள்... சொன்னதைத் திரும்ப வாங்க எனக்கு மனசு வரவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு சனி, ஞாயிறில் குடும்பம் இருக்கிறது.

சரி, புரோக்கரிடம் வருகிறேன். நாலு பேர் என்றதும் மனிதர் என்னை ஒரு பள்ளிக்கூட வேன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். மஞ்சள் வேன். பதினேழு சீட்.

“இவ்ளோ பெருசு எதுக்குங்க?”

“நாலுன்னுதான்மா ஆரம்பிப்பீங்க. அப்புறம் தங்கச்சி வூடு, நாத்தனா வூடு, பசங்கன்னு பத்து பேராயிடும். நம்ம ஊர்ல எந்த வண்டி நாலு பேரோட நின்னிருக்கு?”

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடியில் பின்னால் பார்த்தால் வரிசையாகப் பதினாறு காலி சீட். வீட்டில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி மூன்று நாற்காலி காலியாக இருப்பதே எனக்குத் தாராளம். இறங்கிவிட்டேன். ‘எங்க தெருவுல நுழையாது’ என்று காரணம் சொன்னேன். அதுவும் உண்மைதான். எதிர்வீட்டு பைக் வெளியே நிற்கும்போது எங்கள் தெருவின் அகலம் சரியாக அரைப் புடவை. பழைய நூல் புடவையை மடித்து நானே அளந்து வைத்திருந்தேன்.

தினமும் ஓட்டவும் வேண்டும், போன இடத்தில் படுக்கவும் வேண்டும் என்று வண்டி தேடுகிறவர்கள் இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால் தெருவைப் பாருங்கள். அப்புறம் வண்டிக்குள் ஏறிப் படுத்துப் பாருங்கள். வெட்கப்படாதீர்கள். விற்கிறவர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். பார்க்கட்டுமே. காலை மடக்கிக்கொண்டு தூங்கப்போவது அவரா, நீங்களா?

இரண்டாவது வண்டி ஏம்பலத்தில் இருந்தது. கரும்புத் தோட்டத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு பழைய ஆம்புலன்ஸ். எழுத்தையெல்லாம் சுரண்டி எடுத்து வெள்ளை அடித்து வைத்திருந்தார் உரிமையாளர்.

“நீங்க கேக்கறதெல்லாம் இதுல ரெடியா இருக்கு மேடம். படுக்க இடம், லைட்டு, ஃபேனு. ஏறிப் பாருங்க.”

ஏறினேன். நீளமாக ஒரு பெஞ்சு, மேலே ரெக்சின் மெத்தை. படுத்தேன். நீளம் சரியாக இருந்தது. மேலே பார்த்தேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் பாகூரிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் இப்படி ஒரு வண்டியில் போயிருக்கிறேன். அவர் படுத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன். அவர் கண் மேலேயே இருந்தது. கடைசியாக அவர் எதைத்தான் அப்படிப் பார்த்தார் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். ஏம்பலத்தில் தெரிந்தது. ஒரு வெள்ளைத் தகடு. நடுவில் வட்டமாக ஒரு சின்ன விளக்கு. அவ்வளவுதான்.

அழுதுவிட்டேன். கொஞ்சமாக இல்லை, நன்றாகவே அழுதேன். உரிமையாளர் பதறிப்போனார்.

“இன்னா மேடம், எழுந்துக்கசொல்லோ தலையில இடிச்சிகிட்டீங்களா?”

“ஆமாங்க. இடிச்சிகிட்டேன்.”

பாவம், சோடா வாங்கிக்கொடுத்து அனுப்பிவைத்தார். அதற்கப்புறம் இரண்டு வாரம் வேன் பேச்சையே எடுக்கவில்லை. பையன் கேட்டபோது, “ஃப்ரெண்ட்ஸுக்கு லீவ் கிடைக்கலடா” என்று சொல்லிவைத்தேன்.

மூன்றாவது வண்டியைச் சொன்னது எங்கள் காலேஜ் வாட்ச்மேன். பனித்திட்டில் ஒரு அம்மா சின்ன வேன் ஒன்றைக் கொடுக்கப்போகிறார் என்றார். வேண்டாவெறுப்பாகத்தான் போனேன்.

பனித்திட்டு கடலோர ஊர். நான் போனது சனிக்கிழமை காலை பத்து மணி. படகுகள் கரைக்கு வந்திருந்தன. ஒரு பக்கம் ஏலம் சத்தமாக நடக்கிறது. இன்னொரு பக்கம் தார்ப்பாயில் கருவாடு காய்கிறது. வண்டிக்குச் சொந்தக்காரர் பெயர் செல்வி. நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். பேசிக்கொண்டே மீனைப் பிரித்துக் கூடையில் போடுகிற கை. கரையில் மீன் எடுத்து ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கிறவர். வியாபாரம் பெருகி பெரிய வண்டி வாங்கிவிட்டதால் சின்னதைத் தள்ளிவிடுகிறார்.

வேனைப் பார்த்ததும் பிடித்துப்போனது. நீல நிறம். தெருவுக்குள் நுழையும். முன்னால் இரண்டு சீட், பின்னால் சீட்டெல்லாம் எடுத்துவிட்டு வெறும் தளம். பேப்பர்களும் சரியாக இருந்தன. கிளட்ச்சும் பிரேக்கும் வாட்ச்மேனின் மைத்துனர் பார்த்து நல்லது என்று சொல்லியிருந்தார். எனக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான்.

“மீன் வாசனை அடிக்குமோங்க?”

“அய்ய, மூணு வாட்டி கழுவி வச்சிருக்கேன்கா. ஏறி மோந்து பாருங்க.”

ஏறினேன். கதவை மூடிக்கொண்டு மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. சுத்தமாக இருந்தது. செல்வி கதவைத் திறந்து ஒரு பாயைக் கொடுத்தார். அதை விரித்து, நடுவில் படுத்து, கையையும் காலையும் நன்றாக நீட்டிப் பார்த்தேன். எங்கேயும் இடிக்கவில்லை. இந்த ஐந்து வருடத்தில் ஒரு பொருளைப் பார்த்து ‘இது எனக்குத்தான்’ என்று தோன்றியது அன்றைக்குத்தான். செல்வி கதவருகே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தார்.

“எத்தினி பேருக்கா போவீங்க?”

“நாலு பேர்.”

“பின்னாடி சீட்டே இல்லயே... நாலு பேரு எப்டி?”

“போட்டுக்குவோம்.”

விலை படிந்தது. ஆனால் சாவியை மட்டும் அன்றைக்குக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

“எங்க வூட்ல வண்டி கைமாறினா ஒரு வழக்கம் இருக்குதுக்கா. படகு வித்தாலும் அதான். வாங்கறவங்க வூட்ல எத்தினி பேரோ, அத்தினி பேரும் ஏறி ஒரு சுத்து வரணும். அப்பதான் வண்டி அவங்கள தெரிஞ்சிக்கும். நாளைக்கு நாலு பேரையும் இட்டுகினு வாங்க.”

மாட்டிக்கொண்டேன்!

அன்றைக்கு வீட்டுக்கு வந்து போனில் ஒவ்வொரு பேராகப் பார்த்தேன். தங்கை வீட்டைக் கூப்பிடலாமா? ஏன் எதற்கு என்று ஆயிரம் கேள்வி வரும். காலேஜில் யாரையாவது? ஞாயிற்றுக்கிழமை, ‘ஒரு வண்டியில ஏறி ஒரு சுத்து வந்துட்டுப் போறீங்களா?’ என்று எப்படிக் கேட்பது? ஐநூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள் அந்த போனில். கேஸ் சிலிண்டர்காரர், கரண்ட் ஆபீஸ், ஏசி மெக்கானிக் உட்பட. அதில் மூன்று பேர் தேறவில்லை. போனை மூடி வைத்துவிட்டேன். ஏம்பலத்தில் அழுததைவிட இது எனக்குக் கஷ்டமாக இருந்தது, உண்மையைச் சொன்னால்.

ஞாயிற்றுக்கிழமை காலை தனியாகத்தான் போய் இறங்கினேன். செல்வி எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் தட்டில் வைத்துத் தயாராக இருந்தார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“மத்த மூணு பேரு?”

“ஒருத்தங்களுக்கு ஜுரம். இன்னொருத்தங்க கல்யாணத்துக்குப் போயிருக்காங்க. அப்புறம்...”

மூன்றாவது ஆளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. லைப்ரரியில் இத்தனை புத்தகத்துக்கு நடுவில் இருந்து என்ன பிரயோஜனம்? செல்வி ஒரு நொடி என்னைப் பார்த்தார். சட்டென்று திரும்பிக் குரல் கொடுத்தார்.

“ஏ மாமா! தம்பியையும் இட்டுகினு வா. நாலு பேரு ஏறணும்.”

அவர் கணவர் வந்தார். வலை பின்னிக்கொண்டிருந்த அவருடைய தம்பி, கையில் இருந்த ஊசியோடு அப்படியே எழுந்து வந்தார். ஆண்கள் இருவரும் பின்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். செல்வி என் பக்கத்தில். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. மாரியம்மன் கோயில், கடற்கரை, மறுபடியும் கோயில் என்று சுற்றி மெயின் ரோடு வரைக்கும் போனோம். “யக்கா, செகண்ட போடு! செகண்ட போடு!” என்று பின்னாலிருந்து தம்பி கத்துகிறார். “நீ கம்னு ஒக்காருடா, அவங்களுக்குத் தெரியும்” என்று செல்வி அதட்டுகிறார். ஒரு வண்டிக்குள் என்னைச் சுற்றி இத்தனை சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! ஒருவரையும் நான் அமைதியாக இருக்கச் சொல்லவில்லை.

மெயின் ரோட்டில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தோம். மூவரும் இறங்கினார்கள்.

“நாங்க நடந்து போய்க்கறோம்கா. பாத்து போங்க.”

போட்டோவைப் பையனுக்கு அனுப்பினேன். ‘இவங்கதான் உன் ஃப்ரெண்ட்ஸா? ஜாலியா இருக்காங்கம்மா’ என்று உடனே பதில் வந்தது. நான் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

செலியமேடு தாண்டியிருப்பேன். இரண்டு பக்கமும் நெல்வயல். ஜன்னல் வழியாகப் பச்சைக் காற்று உள்ளே வந்தது. கூடவே வந்தது... அது!

மீன் நாற்றம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டால் அதன் உழைப்பை மதிக்காதது போல ஆகும். ஐஸ் தண்ணீரும் மீன் ரத்தமும் வருடக்கணக்கில் ரப்பர் விரிப்புக்கு அடியில் இறங்கி, அங்கே இருந்த பலகையில் ஊறிக் கிடந்திருக்கிறது. ஏலம் நடக்கிற கரையில், கருவாடு காய்கிற இடத்துக்குப் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு, வண்டியில் மீன் வாசனை வருகிறதா என்று மூச்சு இழுத்துப் பார்த்திருக்கிறேன் நான்! ஊரே அதுவாக இருக்கும்போது வண்டியில் தனியாக எப்படித் தெரியும்?

வண்டியை ஓரம் கட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே பக்கத்து சீட் பக்கம் திரும்பினேன், ‘உங்களுக்கு வருதா?’ என்று கேட்பதற்கு.

சீட் காலியாக இருந்தது.

தனியாக இருப்பது என்றால் ஜுரத்தில் கஞ்சி வைத்துக்கொடுக்க ஆள் இல்லாதது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அதைச் சமாளித்துவிடலாம். ஓட்டலிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம். ஒரு நாற்றம் அடித்தால், ‘உங்களுக்கும் வருதா, எனக்கு மட்டும்தானா?’ என்று கேட்க ஆள் வேண்டுமே. அதற்கு எந்தக் கடையில் ஆர்டர் கொடுப்பது?

அடுத்த இரண்டு வாரம் நான் பட்ட பாடு தனிக் கதை. காப்பித்தூள் தூவினேன். காப்பியும் மீனும் கலந்து அடித்தது. வேப்பிலை கட்டித் தொங்கவிட்டேன். அம்மை போட்ட வீடு மாதிரி இருந்தது. காலேஜ் பார்க்கிங்கில் என் வண்டிக்கு அடியில் எப்போதும் ஐந்தாறு பூனைகள். “மேடம், பூனைங்க உங்க வண்டிய விட்டு நகரவே மாட்டுதுங்க” என்றார் வாட்ச்மேன். வந்து சேர்ந்த கூட்டம் அதுதான்.

மலைக்குப் போக வேண்டும் என்றுதான் வண்டியே வாங்கியது. இந்த வாசனையோடு எந்த மலைக்குப் போவது? போன சனிக்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பனித்திட்டுக்கே போய்விட்டேன், சண்டை போட. வழியெல்லாம் வசனம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

ஊருக்குள் நுழைந்து, ஏலம் நடக்கிற இடத்தைத் தாண்டி நிறுத்தினேன். செல்வி ஏறி மோந்து பார்த்தார். கணவர் ஏறினார். தம்பி ஏறினார்.

“ஒண்ணும் வர்லயேக்கா.”

நானும் மோந்து பார்த்தேன். அட... ஒன்றும் வரவில்லை! என் வண்டி நாறாத ஒரே ஊர் பனித்திட்டுதான் போலிருக்கிறது. இவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது?

ஆனாலும் செல்வி என்னை நம்பினார். விரிப்பைப் பிய்த்து எடுத்தோம். கறுத்துப்போயிருந்த பலகையைப் பார்த்ததும், “அய்யய்யோ, இதான் சங்கதியா!” என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். தம்பி பலகையைக் கழற்றி வீசினார். மத்தியானம் வரைக்கும் சோப்புத் தூள் போட்டு நானும் செல்வியும் தகடு தெரியத் தேய்த்தோம். புதுப் பலகை அடித்துக் கொடுப்பதாகச் சொல்லி, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். காயப்போட்டிருந்த வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு நெத்திலிக் குழம்பு சாப்பிட்டோம்.

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன்.

“செல்வி, நாலு பேர்னு சொன்னது பொய். நான் ஒருத்திதான்.”

ஒருத்தி என்று வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. செல்வி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முள்ளை எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்தார்.

“தெரியும்க்கா.”

“எப்படி? மூணு பேரும் வராததாலயா?”

“அதுக்கு மின்னாடியே தெரியும். மொதல் நாளு படுத்துப் பாத்தீங்க இல்ல? நாலு பேரு போற வண்டின்னா, ஓரமா ஒண்டிப் படுத்து மத்தவங்களுக்கு எடம் பத்துமான்னு பாப்பாங்க. நீங்க நட்ட நடுவுல கைய கால நீட்டிப் படுத்தீங்க.”

சிரித்துவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். நானும் சிரித்தேன். செல்வி ரொம்பக் கெட்டிக்காரி. ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

வீட்டுக் கட்டிலில், இந்த ஐந்து வருடமும், நான் ஓரமாகத்தான் படுக்கிறேன்.